பவுனுக்கு ஏறிய சதை

“என் இடுப்பு முழுக்க இப்ப அந்தக் குதிரைகிட்டதான் இருக்குது” என்று மருந்துக்கடை சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னது, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த பூங்கொடியின் காதில் விழுந்தது. அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து, உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலே சிரித்துவைத்தாள். ஆனால் சுகந்தி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளும் சிரிக்காமல், “எனக்கும் சஷ்டிக்குச் சஷ்டி கொஞ்சம் போகுது, ஆனா கையிலதான் போகமாட்டேங்குது” என்று, மழை பெய்ததைப் பற்றிப் பேசுகிற குரலில் பதில் சொன்னாள்.

பூங்கொடியின் தையல் கடை மலையடிவாரத்தில், குதிரை வண்டிகள் நிற்கிற முக்குக்கு நேர் எதிரே இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, வீட்டில் அவளும் அவள் அம்மா நாச்சம்மாளும். வண்டிகளின் வரிசையில் கடைசியாக, வேப்பமரத்தடியில், சிக்கந்தர் பாயின் குதிரை பவுன் நிற்கும். பல் தேய்ந்து, கண்ணோரம் குழி விழுந்து, முதுகெலும்பு ரம்பம் மாதிரி துருத்திக்கொண்டிருந்த கிழட்டுக் குதிரை அது. மலையைச் சுற்ற வருகிற வெளியூர்க்காரர்கள் அந்த வண்டியில் ஒரு காலை வைப்பார்கள், குதிரையின் முகத்தைப் பார்ப்பார்கள், காலை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் சிக்கந்தர் பாய் பவுனைப் பூட்டுவதையே விட்டுவிட்டு, ஒரு கயிற்றில் கட்டிப்போட்டு, புல்லை அள்ளிப்போட்டு, எதிரே பீடியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்ட குதிரை, ஐப்பசி மாதத்துச் சஷ்டிக்கு மறுநாள் காலையில் கொழுத்திருந்தது. முந்தின நாள் விரதம் இருந்த சுகந்தி, வழியில் பவுனைப் பார்த்துப் பாவப்பட்டு, அதன் முதுகைத் தடவி ஒரு பிடி அருகம்புல் கொடுத்தாள். பவுன் அதை மோந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் விட்டது. விடிந்தபோது சுகந்தியின் வளையல் முழங்கைக்கு ஏறியது, பவுனின் விலா எலும்புகள் மறைந்துபோயின. அவ்வளவுதான் நடந்தது. இது எப்படி என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குள் தடவ வேண்டும், எந்தக் கையால் தடவ வேண்டும், பால் குடித்தால் விரதம் செல்லுமா செல்லாதா என்பதைத்தான் கேட்டார்கள்.

பூஜைச் சாமான் கடை பரமானந்தம் ஒரு விரதக் கமிட்டி ஆரம்பித்து, தானே செயலாளராகி, அருகம்புல்லைக் கட்டுக்கட்டாக வாங்கித் தன் கடை வாசலிலேயே வைத்துக்கொண்டார். கல்யாணத் தரகர்கள் பெண் வீட்டுக்குப் போகும்போதே, “நாலு கிருத்திகை பவுன்கிட்ட விட்டுட்டு வரட்டும், அப்புறமா ஃபோட்டோ எடுக்கலாம்” என்றார்கள். மேலத்தெருவில் ஜிம் வைத்திருந்தவன் முதலில் கோபப்பட்டான், பிறகு ஒரு சஷ்டிக்கு யாருக்கும் தெரியாமல் வந்து தடவினான், பிறகு ஜிம்மைச் சாத்திவிட்டுக் குதிரைக்கு முன்னால் வரிசையை ஒழுங்கு செய்கிற வேலைக்கு வந்துவிட்டான். தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தொளதொளத்தது. பூங்கொடிக்கு வேலை குவிந்தது. பிடித்துத் தை, பிடித்துத் தை என்று எல்லாரும் வந்து நின்றார்கள். பிடித்துத் தைத்ததை அடுத்த வாரம் மறுபடி பிடிக்கச் சொன்னார்கள். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் அவளுக்கு விரல் நுனி மரத்துப்போய், குதிரையைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவளுக்கு உண்மையான தலைவலி குதிரை இல்லை, அம்மா.

நாச்சம்மாள் திங்கட்கிழமை சிவனுக்குச் சாப்பிடமாட்டாள், செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. மிச்சம் இருக்கிற புதனிலும் ஞாயிறிலும் சஷ்டியோ கிருத்திகையோ அமாவாசையோ வந்து விழும். எதுவும் விழாத நாளில், “நேத்து ஒழுங்கா விரதம் இருக்கல, அதனால இன்னைக்கு” என்பாள். இளம் வயதிலிருந்து மலைப்படிகளில் பூக்கூடை சுமந்தவள் அவள். மேலே இருக்கிற கடைகளுக்கெல்லாம் விடிவதற்குள் பூ போய்ச் சேரவேண்டும், அதற்காக ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எழுபது வயது வரைக்கும் கம்பு மாதிரி நின்ற கால்கள். போன வருஷம் ஒருநாள் படியில் தடுக்கி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பூங்கொடி கூடையைப் பிடுங்கினாள். பிறகு குடத்தைப் பிடுங்கினாள், பிறகு அம்மிக்குழவியை, பிறகு துடைப்பத்தை. “உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன், உட்காரு” என்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் போட்டு உட்காரவைத்தாள். நாச்சம்மாள் உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்தில் விரதம் இருந்தாள்.

தையல்காரிக்கு அம்மாவின் உடம்பு தெரியாமல் இருக்குமா. மாசத்துக்கு மாசம் அந்த ரவிக்கையில் கையை உள்ளே பிடிக்க வேண்டியிருந்தது, வயிற்றை வெளியே விட வேண்டியிருந்தது. இவ்வளவு பட்டினிக்கும் வயிறு அசையவில்லை; கையும் தொடையும்தான் கொடிக்கயிறாகிப் போயின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டரம்மா நாச்சம்மாளின் புஜத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுக்காரங்க பட்டினி கிடந்தா உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவு பண்ணும். உங்க வயசுல உடம்புக்கு அந்த நிதானம் போயிருதும்மா. பரண்ல இருக்கற பழைய சாமானை எல்லாம் பத்திரமா வெச்சுட்டு, தூணை உடைச்சு அடுப்பெரிக்கும். சாப்பிடுங்க” என்றார்.

“முருகனுக்கு இருக்கறேனுங்க” என்றாள் நாச்சம்மாள்.

“முருகன் உங்க தொடைச் சதையைக் கேட்டாரா?”

“அவரு எதையும் வாய்விட்டுக் கேக்கமாட்டாருங்க.”

இதற்கு மேல் டாக்டர் என்ன சொன்னார் என்பதைக்கூடக் கேட்காமல், பூங்கொடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள், அவ்வளவு எரிச்சல் அவளுக்கு.

இப்படியிருக்க, கார்த்திகை முடிவதற்குள் பவுன் படுத்துவிட்டது. தெருவின் இளம்பெண்கள் எல்லாரும் கழித்துவிட்ட கொழுப்பு அதன் வயிற்றில் ஏறி, கழுத்தில் ஏறி, எண்ணெய் பீப்பாய் மாதிரி உருண்டிருந்தது. கால்கள் மட்டும் அதே பழைய கிழட்டுக் குச்சிகள். ஒரு காலையில் அந்தக் குச்சிகள் மடங்கின. மாட்டு டாக்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, குதிரை இப்படிப் படுத்தே கிடந்தால் தன் வயிறே தன்னை நசுக்கிவிடும், நாலைந்து நாள் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் தெருவுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. “குதிரை போயிருச்சுன்னா அதுக்குள்ள இருக்கறது எங்க போகும்?” என்று சுகந்தி கேட்டாள்.

பரமானந்தம் யோசித்து, “வந்த வழியாத்தான் போகும்” என்றார்.

இதைக் கேட்டு ஜிம்காரன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உடனே கம்பு கொண்டுவா, கயிறு கொண்டுவா என்று தெருவே கூடி, பவுனின் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தது. அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

நாச்சம்மாளுக்கு இந்தக் குதிரை விரதமே பிடிக்காமல்தான் இருந்தது. சாமிக்கு இருக்கிற விரதத்தைக் குதிரைக்கு எழுதிக் கொடுக்கிறார்களே என்று நாற்காலியில் உட்கார்ந்து திட்டுவாள். ஆனால் எதிரே அது படுத்துக் கிடப்பதையும், எழப் பார்த்து எழப் பார்த்து முன்னங்கால் நடுங்குவதையும் ஒரு பகல் முழுவதும் பார்த்தவள், மறுநாள் கிருத்திகையன்று, பூங்கொடி துணி வாங்கப் போயிருந்த நேரத்தில், சுவரைப் பிடித்து, நிலையைப் பிடித்து, மின்கம்பத்தைப் பிடித்து ரோட்டைத் தாண்டிப் போய் அதன் முதுகைத் தடவிவிட்டு வந்தாள்.

விடிந்தபோது பவுன் எழுந்து நின்றது. வயிறு அப்படியே இருந்தது. பின்னங்கால் தொடைகளில் மட்டும் புதிதாக இரண்டு திரட்சி, பிடித்துவைத்த சப்பாத்தி மாவு மாதிரி. தெரு கை தட்டியது. பூங்கொடி அந்தத் தொடைகளைப் பார்த்தாள், உள்ளே ஓடிப்போய் அம்மாவின் ரவிக்கைக் கையில் விரலை விட்டுப் பார்த்தாள். நேற்று ஒரு விரல் போன இடத்தில் மூன்று விரல் போனது.

“அம்மா, என்ன பண்ணின நீ?”

“ஒரு தடவு தடவினேன்” என்றாள் நாச்சம்மாள். “பாவம்டி.”

தெருவுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. சின்னவர்கள் இருந்தால் கொழுப்பு போகும், பெரியவர்கள் இருந்தால் சதை போகும். குதிரை நிற்க வேண்டுமானால் பெரியவர்கள் இருக்க வேண்டும், பெரியவர்கள் இருந்தால்தான் சின்னவர்கள் தொடர்ந்து இளைக்கலாம். பரமானந்தம் வீடு வீடாகப் போனார். எத்தனையோ காலமாக வீட்டு மூலைகளில் மாத்திரை டப்பாவோடு கிடந்த கிழவர்களும் கிழவிகளும், தங்களை யாரோ ஒரு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதில் குளிர்ந்துபோய், தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி புடவை கட்டிக்கொண்டு வந்து தடவினார்கள். ஆனால் ஒருவர் தடவினால் பவுனுக்கு மூட்டு வலித்தது, இன்னொருவர் தடவினால் இரும ஆரம்பித்தது. நாச்சம்மாளின் சதைதான் சுத்தமான சதை என்று கமிட்டி கூடி முடிவு செய்தது. அப்புறம் செவ்வாய்க்குச் செவ்வாய், சஷ்டிக்குச் சஷ்டி, “ஆத்தா, இன்னைக்கு ஒரு நாள்” என்று வந்து நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் பவுன் வண்டி இழுத்தது. சும்மா இழுக்கவில்லை, நாச்சம்மாளின் நடை நடந்தது. இடுப்பை ஒரு பக்கம் லேசாகத் தள்ளி, ஒவ்வொரு காலாக அளந்து வைத்து, வளைவு வந்தால் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. வெளியூர்க்காரர்கள் முண்டியடித்து ஏறினார்கள். ஒருநாள் பவுன் வண்டியோடு மலைப்படியின் அடிவரைக்கும் போய், முதல் படியில் குளம்பை வைத்து, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சிக்கந்தர் பாய் கெஞ்சிக் கூத்தாடித் திருப்பிக்கொண்டு வந்தார். அந்த வாரம்தான் நாச்சம்மாளால் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியாமல் போனது. பூங்கொடி கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது அவளுக்குப் பயமாக இருந்தது, அம்மா நனைந்த துணி அளவுக்குக்கூடக் கனக்கவில்லை.

“சாப்பிடும்மா. உன் கால்ல விழறேன்.”

“என் கால் இங்க எங்க இருக்குது” என்று நாச்சம்மாள் வாசலைக் காட்டினாள். “அதோ ஓடுது பாரு.” சொல்லிவிட்டு, பேரன் பரீட்சையில் தேறியதைச் சொன்னவள் மாதிரி பூரிப்போடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுவதா, சோற்றுத் தட்டைச் சுவரில் அடிப்பதா என்று பூங்கொடிக்குத் தெரியவில்லை.

அவள் தெருவிடம் போனாள். சுகந்தியிடம், ஒரு மாசத்துக்கு நீங்களெல்லாம் நிறுத்துங்கள், குதிரைக்குப் பாரம் குறைந்தால் அம்மாவை யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள். சுகந்தி, “ஆத்தா பண்றது அவங்க புண்ணியம், நடுவுல நான் யாரு தடுக்கறதுக்கு? இந்தச் சுடிதாரை மட்டும் இன்னும் ஒரு சுத்துப் பிடிச்சுக் குடுத்துருங்க” என்றாள்.

பரமானந்தத்திடம் போனாள். “உங்கம்மா காலை ஊரே கும்பிடுது. நீ என்னடான்னா சோறு சோறுங்கறே” என்றார் அவர். “பூசத்துக்கு ஊர்வலத்துல பவுன்தான் முன்னால போகுது, மாலையெல்லாம் சொல்லியாச்சு.”

“ஊர்வலத்துல உங்க ஸ்கூட்டர் போகட்டும்.”

“ஸ்கூட்டரை யாரு கும்பிடுவா, பூங்கொடி?”

கடைசியில் சிக்கந்தர் பாயிடம் போனாள். அவர் பவுனை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்பதற்கு முன்பே, “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் கண்ணு, எவன் கேக்கறான்” என்றார். “நானும் ஒரு நாள் நோன்பு வெச்சுத் தடவிப் பார்த்தேன், அக்காவுக்குப் பதிலா. என் பீடி இருமல்தான் அதுக்குப் போச்சு. நாலு நாள் இருமிச்சு.”

பூங்கொடிக்கு எங்கே காட்டுவது என்று தெரியாத கோபமெல்லாம் அங்கே வந்து நின்றது. “அப்ப எதுக்கு அதை வண்டியில பூட்டறீங்க? எங்கம்மா சதை பாய் அது. நிழல்ல கட்டிப்போட்டுப் பதனமா வெச்சுக்கக் கூடாதா? இப்படி நாள் பூரா ஓட்டித் தேய்ச்சீங்கன்னா அவளைத்தானே மறுபடி வந்து கேப்பாங்க.”

“கட்டிப்போட்டா கரைஞ்சிரும் கண்ணு” என்றார் அவர், வாரை இழுத்து மாட்டிக்கொண்டே. “இழுக்க இழுக்கத்தான் நிக்கும். மொத தடவை அது எலும்பானதே, நான் பாவம் பாவம்னு பூட்டாம விட்டதுலதான். வேலையில இருந்தப்ப புல்லுக்கட்டையே முழுங்கும். கட்டிப்போட்ட அன்னைக்கிருந்து மோந்துதான் பாக்குது.”

குதிரைக்காரருக்குக் குதிரையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே நாச்சம்மாள் நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்து, தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைக் கூட்டுவதற்காக, கைக்கு எட்டாத துடைப்பத்தைக் காலால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“விழுந்து தொலையப் போற” என்று பாய்ந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள் பூங்கொடி.

நாச்சம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கோபம்கூடப் படவில்லை. “எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்ட” என்றாள். “பட்டினியை மட்டும் உன்னால பிடுங்க முடியல. அதுக்கு எந்திரிக்க வேண்டியதில்ல, யாரு கையையும் பிடிக்க வேண்டியதில்ல. அதையாவது நான் நல்லாப் பண்றேன்ல?”

பூங்கொடி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அன்றைக்குப் பூராவும் அவள் யாருக்கும் எதையும் பிடித்துத் தைக்கவில்லை.

பூசத்துக்கு முந்தின நாள் காலையில் கமிட்டி வந்தது. முன்னால் பரமானந்தம், கையில் ஆளுயரச் சாமந்தி மாலை. பின்னால் சுகந்தியும் ஜிம்காரனும் தெருவில் பாதியும். எல்லாருக்கும் நடுவில் சிக்கந்தர் பாய் பவுனைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். இன்றைக்கு ஒரு நாள் ஆத்தா முழுப் பட்டினி இருந்து தடவிக்கொடுத்தால், நாளைக்கு ஊர்வலம் முழுக்கப் பவுன் தளராது என்றார் பரமானந்தம். ஆத்தாவின் உடம்பு தாங்குமா என்று யாரோ பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டதற்கு, “தாங்கும்” என்று அவரே பதில் சொன்னார். நாச்சம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குதிரையை நோக்கி ஒரு கையைத் தூக்கினாள்; அந்தக் கை, தூக்கிய இடத்தில் நிற்காமல் ஆடியது.

அப்போது தெருமுனைக் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்கள் இடிபடுகிற சத்தம் கேட்டது. எப்போதும் முதல் ஆளாய் ஓடுகிற பூங்கொடி, வெட்டுமேஜைக்குக் கீழே பாயைப் போட்டு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, படுத்துக்கொண்டாள்.

“தண்ணி வந்திருச்சு, பூங்கொடி” என்றாள் நாச்சம்மாள்.

“கேக்குது.”

“போய்ப் பிடி.”

“என்னால முடியலம்மா. பூசத் துணி தெச்சுத் தெச்சு இடுப்பு விட்டுப்போச்சு. நீ போய் எடுத்துட்டு வா.”

கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. “ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?” என்றார் பரமானந்தம். “எந்திரிக்கவே முடியாத மனுசியைப் போய்த் தண்ணி எடுக்கச் சொல்றியே.”

பூங்கொடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். “வீட்டுல குடிக்கப் பொட்டுத் தண்ணி இல்ல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். “நாளைக்குக் கழிச்சுத்தான் மறுபடி வரும். ரெண்டு குடமாவது வேணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

நாச்சம்மாள் குழாய்ப் பக்கம் பார்த்தாள். சுவரோரம் கவிழ்த்துவைத்திருந்த குடங்களைப் பார்த்தாள். கடையில் படுத்திருக்கிற மகளின் முதுகை வெகுநேரம் பார்த்தாள். தூக்கிய கையை இறக்கி, நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள்.

“வெறும் வயித்துல எப்படிடி தூக்கறது?” என்றாள் எரிச்சலாக. பூங்கொடி காலை மடக்கிச் சுருண்டுகொண்டாள்.

“கழுதை. ஒரு நாள் வேலை செய்யச் சொன்னா இடுப்பு விட்டுப்போகுதாம். உன் வயசுல நான் கூடையோட ஏறிட்டு, இறங்கி வந்து, மறுபடியும் ஏறினேன்.” திட்டிக்கொண்டே அவள் பக்கத்து முக்காலியைக் காலால் இழுத்து, அதில் மூடி வைத்திருந்த சோற்றுச் சட்டியைக் கையால் எடுத்து, மடியில் வைத்து, மூடியைத் தள்ளினாள். பழைய சோறும் தயிரும், மேலே ஒரு அவித்த முட்டை.

“ஆத்தா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை” என்றார் பரமானந்தம்.

“தெரியும் போடா” என்று நாச்சம்மாள் முதல் கவளத்தை வாயில் போட்டாள்.

பவுனின் பின்னங்கால்கள் லேசாக நடுங்கின. அது தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு, கட்டிப்போட்ட நாளிலிருந்து எதையும் தின்னாத அந்தக் குதிரை, கழுத்தை நீட்டிப் பரமானந்தத்தின் கையிலிருந்த மாலையைப் பிடித்து இழுத்து, சாமந்தியும் நாரும் இலையுமாக மென்று தின்ன ஆரம்பித்தது. பரமானந்தம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். சிக்கந்தர் பாய் அவர் கையைத் தட்டிவிட்டார்.

நாச்சம்மாள் முட்டையையும் விடாமல் முழுச் சட்டியையும் தின்று முடித்தாள். விரலை நக்கினாள், கையைப் புடவையில் துடைத்தாள். அவளைத் தூக்கிவிட வந்த சுகந்தியின் கையை வேண்டாம் என்று தள்ளினாள். நாற்காலியைப் பிடித்து, நிலையைப் பிடித்து, இரண்டு முறை உட்கார்ந்து, மூன்றாவது முறை எழுந்து நின்றாள். குடங்களில் சின்னதாக ஒன்றைப் பார்த்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் குழாயடிக்கு நடந்து போய், வரிசையில் தனக்கு முன்னால் நின்றவளை நகரச் சொல்லி, குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.